ஆடாமையும் கவிழாமையும்

மேசை ஆடுமாயின் அதன் காலடியில் மடித்த தாளொன்றைச் செருகிவிட்டு மீண்டும் எழுதத் தொடங்குதல் நம் விடுதி மாணாக்கர் அனைவரும் அறிந்த வைத்தியம். அத்தாள் பெரும்பாலும் சென்ற ஆண்டின் வினாத்தாளாக இருக்கும். ஆயின் மேசைக்குப் பதிலாக ஒரு தட்டும், எழுதுகோலுக்குப் பதிலாக ஒரு கனத்த ஸ்பானரும், சமதளமான அறைக்குப் பதிலாக நாற்பதடி ஆழத்தில் ஒரு பாறைத் திட்டும் இருப்பின் அவ்வைத்தியம் போதாது. அது போதாமையை யாம் அறிந்த வகையையும், அறிந்தபின் செய்த முயற்சியையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இத்தொழிற் செய்தியில் என்ன வேலை என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. தமிழும் இடையே வந்து சேரும்.

எமது ஊர் மேட்டூர். காவிரி மலைகளை விட்டுச் சமவெளியில் இறங்கும் வாயிலில், 1925-ஆம் ஆண்டு தொடங்கி 1934-ஆம் ஆண்டு முடிவுற்ற அணையினால் அவ்வூரின் பெயரை அறியாதார் இலர். அணை சற்றேறக்குறைய ஒரு மைல் நீளம் உடையது. அதில் 120 அடி நீர் நின்றது என்ற செய்தி வந்தால் தஞ்சை உழவர் மகிழ்வர். ஆனால் அணையை அண்ணாந்து பார்த்து வாழும் எம் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு ஆற்று நீர் தானே ஏறி வருவதில்லை. அவை கிணற்றை நம்பியவை. நிலமோ கருங்கல் நிலம். சில அடி மண்ணை அகற்றியவுடன் பாறை தலைகாட்டும். அதன்பின் வெடி வைத்தே இறங்க வேண்டும். இவ்வாறு தோண்டிய கிணறுகளுள் நீர்மட்டம் தாழத் தாழ, மோட்டாரையும் கீழே இறக்குதற்பொருட்டுப் பக்கப் பாறையில் திட்டு வெட்டி, அதன்மேல் அதனை அமர்த்துவர். ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகிவிட்ட இந்நாளிலும் இத்தகைய திறந்த கிணறுகள் பல உள.

எம் தாய்மாமன் அக்கிணறுகளில் இறங்கி மோட்டாரும் பம்பும் பழுது பார்ப்பவர். கருவிகளை வைப்பதற்குப் பழைய எண்ணெய்த் தகரமொன்றைக் குறுக்கே வெட்டிப் பல்லாண்டாகப் பயன்படுத்தி வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடையில், அத்தகரத்தைத் திட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பைப் ரெஞ்சை அதன் விளிம்பின்மேல் சாத்தினார். தகரம் ஒரு பக்கம் சாய்ந்தது; ரெஞ்சு கீழே போயிற்று. கீழே, இடுப்பளவு நீரில் நின்று புட்வால்வைக் கழற்றிக்கொண்டிருந்த இளைஞரின் தோளில் அது வீழ்ந்தது. காறையெலும்பு முறிந்தது. மும்மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. வந்தபின்னும் வலக்கையை முழுதும் உயர்த்த இயலவில்லை. தலையில் வீழ்ந்திருக்குமாயின் என்று யாவரும் சொன்னார்கள். மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கீழே ஆள் இருக்கும்போது மேலே கருவியைத் திறந்து வைத்தலாகாது என்பதே இதற்கு முதல் மருந்து. அதனை மாமா அன்று முதற்கொண்டு கடைப்பிடிக்கின்றார். ஆயினும் மேலும் கீழுமாக இருவர் ஒருங்கே செய்தாலன்றி முடியாத வேலைகளும் சில உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் கயிறு கட்டிப் பார்த்தார்; கயிறுகள் பின்னிக்கொண்டு வேலையைக் கெடுத்தன. ஆகவே சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது, "காலேஜில் என்னென்னவோ படிக்கிறாயே மாப்பிள்ளை, ஆடாத தட்டு ஒன்று செய்துகொடு பார்க்கலாம்" என்றார். யாம் படிப்பது தொல்காப்பியமும் சங்க நூல்களும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

முதலில் பலகையினால் நான்கு கால் வைத்த தட்டொன்று செய்தோம். வீட்டுத் திண்ணையில் அது அழகாக நின்றது. கிணற்றுத் திட்டில் வைத்தபோது மூன்று கால் பாறையைத் தொட, நான்காவது கால் அந்தரத்தில் நின்றது. அப்பக்கம் கருவி வைத்தால் அக்கால் இறங்கும், எதிர்க்கால் எழும். கல்லூரிக்குத் திரும்பியபின் கணிதம் பயிலும் நண்பரொருவர் இதனைக் கேட்டுச் சிரித்து, தட்டின் கீழே ஒன்றும் செருகாமல் அதனை இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றியிருந்தால் போதுமே என்றார். தரை இடையறாது ஏறியிறங்குவதாயும், மிகச் செங்குத்தாக இல்லாததாயும் இருப்பின், சமமான நான்கு கால்களை உடைய சதுர மேசையைக் கால் வட்டம் திருப்புவதற்குள் நான்கு கால்களும் தரை தொடும் நிலையொன்று வாய்த்தே தீரும். ஏனெனில், கால் வட்டம் திருப்பினால் ஆடும் கால்களும் ஆடாக் கால்களும் இடம் மாறிக்கொள்ளும்; அம்மாற்றத்தின் இடையே இரண்டும் ஒக்கும் ஒரு நிலை இருத்தல் வேண்டுமன்றோ? இதனையொத்த ஒன்றை 1970-ஆம் ஆண்டில் ரோஜர் பென் என்னும் கணிதர் ஒரு தேற்றமாகவே நிறுவியுள்ளாராம். கேட்க இனியதாயிருந்தது. விடுதி மேசைகளில் செய்தும் பார்த்தோம். வினாத்தாள்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் வெடித்துப் பிளந்த பாறை இடையறாத தரை அன்று. அதில் திடீர்ப் படியும் பள்ளமும் உண்டு. அன்றியும், ஒவ்வொரு முறையும் தட்டைச் சுழற்றித் தக்க நிலை தேடும் பொறுமை, நீர் சொட்டும் கிணற்றில் நிற்பார்க்கு இராது.

விடை எம் மொழியிலேயே கிடந்தது. நாற்காலி என்கின்றோம், முக்காலி என்கின்றோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனை எள்ளி நகைக்கும் நாம், அம்மூன்று கால் முயல் மேடு பள்ளத்தில் ஆடாது நிற்கும் என்பதை மறந்துவிட்டோம்! மூன்று புள்ளிகள் எங்கிருப்பினும் (ஒரே கோட்டில் இல்லாத வரை) அவற்றின் ஊடே ஒரு தளம், ஒரே ஒரு தளம், செல்லும். ஆதலின் முக்காலியின் மூன்று கால்களும் எத்தரையையும் ஒருங்கே தொடும். நான்காவது கால் வந்தால் அது அத்தளத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வயற்காட்டில் பொங்கலிடுவார் மூன்று கல் கூட்டி அடுப்பு வைப்பதும், நில அளவையாளர் தம் கருவியை மூன்று காலின்மேல் நிறுத்துவதும் இதுபற்றியே. 1802-ஆம் ஆண்டு சென்னையில் தம் பேரளவையைத் தொடங்கிய லாம்டன் என்பார் கையாண்ட பெருங்கருவி அரை டன் எடை உடையது. 1808-இல் அதனைத் தஞ்சைப் பெருங்கோயிலின் மேலேற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது; லாம்டன் பல வாரம் கூடாரத்துள் அடைந்திருந்து தாமே அதனைச் செப்பஞ்செய்தார். உயரத்தில் கருவியை ஆள்வார் படும் பாடு எம் மாமாவுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதனைச் சொன்னோம்.

ஆகவே இரண்டாம் முறை மூன்று கால் வைத்தோம். வட்டத் தகடு, அதன் விளிம்பிலிருந்து நேர்கீழே மூன்று இரும்புக் கம்பிகள், குனியாமல் எடுக்கலாம் என்று எண்ணி ஓரடி உயரம். திட்டில் வைத்தோம்; சிறிதும் ஆடவில்லை. யாம் பெருமிதத்துடன் நின்றிருந்தபோது மாமா எழுந்திருக்கும் பொருட்டுத் தகட்டின் விளிம்பில் கையை ஊன்றினார். தட்டு கவிழ்ந்து, சுத்தியலும் திருப்புளியும் நீரில் வீழ்ந்தன. அன்று கீழே ஒருவரும் இல்லை.

அப்போதுதான் நாம் ஒன்றென எண்ணியிருந்தவை இரண்டு என்பது எமக்கு விளங்கிற்று. ஆடாமை வேறு, கவிழாமை வேறு. 'நிலையாக நிற்றல்' என்று ஒரே தொடரால் இரண்டையும் குறித்து வந்ததனால் ஏமாந்தோம். மூன்று கால் ஆடாமையை இனாமாகத் தருகின்றது. ஆனால் கவிழாமையில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கின்றது. எவ்வளவு பறிக்கின்றது என்பதைப் பௌதிக வகுப்பு நண்பரின் துணைகொண்டு கணக்கிட்டோம்.

ஒரு பொருளின் எடை முழுதும் கூடியிருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளியைப் புவியீர்ப்பு மையம் என்பர். அதிலிருந்து விட்ட தூக்குக்குண்டு, கால்களை இணைக்கும் கோடுகளுக்கு உள்ளே விழும் வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். எமது தட்டின் கால்கள் 9 அங்குல ஆரமுள்ள வட்டத்தின்மேல் நின்றன. மூன்று கால்களை இணைத்த முக்கோணத்தில், நடுவிலிருந்து பக்கத்துக்குள்ள தூரம் அவ்வாரத்தில் சரிபாதி, அதாவது 4½ அங்குலம். அதே வட்டத்தில் நான்கு கால் வைத்திருப்பின் அத்தூரம் ஏறத்தாழ 6⅓ அங்குலம். மையம் 12 அங்குல உயரத்தில் இருந்தமையால், நான்கு கால் தட்டு ஏறத்தாழ 28 பாகை சாயும் வரை கவிழாது நிற்கும். எமது முக்காலோ 20½ பாகையிலேயே கவிழ்ந்துவிடும். போதாக்குறைக்கு, தகட்டின் ஆரமும் 9 அங்குலமே. ஆகவே இரு கால்களின் இடையே தகடு முக்கோணத்தைத் தாண்டி 4½ அங்குலம் வெளியே நீண்டிருந்தது. மாமா கை ஊன்றியது அவ்விடத்தில்தான். அது தட்டு அன்று, நெம்புகோல்!

குற்றம் விளங்கியபின் திருத்தம் அரிதன்று. உயரத்தைக் குறைத்தல் வேண்டும். காலை அகட்டல் வேண்டும். தகட்டை முக்கோணத்துக்குள் அடக்கல் வேண்டும். மூன்றாம் தட்டில் கால்கள் வெளிப்புறம் சரிந்து 12 அங்குல ஆரமுள்ள வட்டத்தைத் தொடுகின்றன. அம்முக்கோணத்தின் நடுவிலிருந்து பக்கத்துக்கு 6 அங்குலம்; தகட்டின் ஆரமும் அதே 6 அங்குலம். ஆகவே தகட்டின் எவ்விளிம்பில் கை ஊன்றினும் பாரம் முக்கோணத்துக்கு வெளியே செல்லாது. கருவிகளோடு சேர்ந்த மையம் 6 அங்குல உயரத்தில் நிற்குமாறு தகட்டைத் தாழ்த்தினோம். இனி அது கவிழ வேண்டுமாயின் 45 பாகை சாய்தல் வேண்டும். அவ்வளவு சரிந்த பாறையில் தட்டு கவிழுமுன்னே சறுக்கிவிடும். குனிய வேண்டியிருக்கின்றது என்பது மாமாவின் குறை. அக்குறையை அவர் பொறுத்துக்கொண்டார்.

சறுக்குதல் தனி வழக்கு. தகடு சாய்ந்திருந்தால் தட்டு நின்றும் அதன்மேலுள்ள கருவி ஓடிவிடும். இரண்டங்குல உயர விளிம்பு கட்டியது பாதி மருந்து. மறு பாதியாக, ஒரு காலை மட்டும் குழாய்க்குள் கம்பி செருகியதாக அமைத்துத் திருகினால் நீட்டவும் குறுக்கவும் ஆகுமாறு செய்தோம். அளவைக் கருவிகளின் அடியில் மட்டம் பார்க்கும் திருகுகள் மூன்று இருக்கும். எமக்கு ஒன்று எங்ஙனம் போதுமெனின், அளவைக் கருவியின் காலை நாட்டியபின் அதனைப் பெயர்த்தல் ஆகாது. தட்டையோ நம் விருப்பம்போல் சுழற்றி, நீளும் காலைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் கொணர்ந்துவிடலாம். பின் அக்காலை நீட்டினால் மட்டம் வந்துவிடும். மட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டா. சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றைத் தகட்டில் விட்டால் அது தாழ்ந்த பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். இவ்வுபாயம் எமதன்று, அடிபட்ட அவ்விளைஞர் சொன்னது.

கால் அகட்டவும் இடமில்லாத குறுகிய திட்டுகள் சிலவற்றுக்காகத் தகட்டின் விளிம்பில் மூன்று வளையங்கள் பற்றவைத்து, சங்கிலி மாட்டி உறிபோல் தொங்கவிடவும் வழி செய்தோம். தொங்கும் தட்டு தரையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து கனத்த கருவியை எடுத்தவுடன் மறுபக்கம் தாழும். சங்கிலி நீளுமளவு அத்தாழ்வு குறையும். ஊசலாட்டத்துக்கு வேண்டும் இடமோ மிகும். எம் பாட்டியாரின் உறியில் தயிர்ப்பானை நடுவே ஒன்றாக இருந்தமையால் அவர்க்கு இத்தொல்லை இல்லை. பைப் ரெஞ்சை நடுவில் கிடத்தி, சிறு கருவிகளைச் சுற்றி வைத்தால் தாழ்வு அத்துணை தோன்றாது.

குறைகள் இன்னும் உள. சேற்றில் கம்பி நுனி புதைகின்றது. உள்ளங்கை அகலத் தகட்டுத் துண்டுகளைப் பாதமாக ஒட்டினால் பாறையில் அவை விளிம்பில் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒத்த பாதம் இதுகாறும் எமக்குக் கிட்டவில்லை. அகன்ற கால்கள் இருட்டில் காலை இடறுவதும் உண்டு. நுனிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசியுள்ளோம். மேட்டூர் நீர்த்தேக்கத்துப் பரிசல்காரர் ஒருவர் இதனைக் கண்டு தமக்கும் ஒன்று கேட்டார். தரையே அசையும் பரிசலில் மூன்று கால் என்ன செய்யும்? அங்கே காலில்லாத தட்டே நன்று என்று சொல்லி அனுப்பினோம்.

சென்ற வேனில் விடுமுறையில் யாமும் அவர்களோடு ஒரு கிணற்றில் இறங்கினோம். மாமா தட்டை வைத்துக் காலைத் திருகிக் குண்டை உருட்டிப் பார்த்தார். அவ்விளைஞர் உடனே கீழிறங்கவில்லை. தட்டின் அருகே குந்தி, விளிம்பைப் பெருவிரலால் ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே முழுவட்டமும் சுற்றி வந்தார். பின்னர் எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, இடக்கையால் கயிற்றைப் பற்றி நீருக்குள் இறங்கினார்.