ஓடும் நிரலில் உள்ளமை மாறியை மாற்றுதல்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. கேரளப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பைத்தான் என்னும் கணினி மொழி இடம்பெற்றுள்ளபடியால், அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் அதனைத் தமிழில் விளக்க வேண்டியவர்களாக உள்ளனர். மழைமானி, நீர்மட்டம் முதலியவற்றின் அளவுகளைப் பதியும் களப்பணியாளர்களும் இம்மொழியில் சிறு நிரல்களை எழுதிக்கொள்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருநாள் எதிர்கொள்ளக்கூடிய ஒரு சிக்கலை இப்பாடத்தில் நோக்குவோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல், அதனுள் இருக்கும் ஒரு மாறியின் மதிப்பை மாற்றுவது எவ்வாறு?

பயிற்சிக்காக ஒரு நிரலைக் கற்பனை செய்துகொள்வோம். இடுக்கி மாவட்டத்திலுள்ள முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்ட எண்களை மணிக்கு ஒருமுறை அது பெற்றுக்கொள்கிறது. மட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை எழுப்புகிறது. (அணையில் மெய்யாகவே பயன்படும் நிரல் அன்று இது.) உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் 142 அடியை உறுதி செய்தது. ஆதலின் நிரலின் செயற்கூறு ஒன்றினுள் எல்லை = 142 என்று எழுதியுள்ளோம். பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிட இடந்தருகிறது. செயற்கூறு ஒன்றினுள் பிறந்து, அதனுள்ளேயே வழங்கும் இத்தகைய மாறியே உள்ளமை மாறி எனப்படும்.

எல்லையோ காலத்துக்கேற்ப மாறக்கூடியது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், நவம்பர் 10ஆம் நாள் வரை 139.5 அடியே உச்ச அளவு என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நம் நிரல் மூன்று நாட்களாக ஓடுகிறது. அதுவரை சேர்ந்த அளவுகள் யாவும் நினைவகத்தில் மட்டுமே உள்ளன. நிறுத்தினால் அவை அழிந்துபோகும். நிறுத்தாமல் 139.5 ஆக மாற்ற வேண்டும்.

இதற்கெனக் 'கன்சோல்' எனப்படும் உரையாடல் முனையம் ஒன்றை நிரலினுள் முன்னரே அமைத்திருக்கிறோம் எனக் கொள்வோம். பைத்தானின் 'கோட்' என்னும் தொகுதியிலுள்ள 'இன்டராக்ட்' என்னும் கட்டளை இதனைத் திறக்கிறது. உள்ளமை மாறிகளைக் காட்டும் 'லோகல்ஸ்' என்னும் அகராதியை அதனிடம் ஒப்படைப்பது வழக்கம். கண்ட்ரோல்-சி விசையை அழுத்தியதும் முனையம் திறக்குமாறு எழுதியுள்ளோம். பணியாளர் அதனைத் திறந்து எல்லை = 139.5 என்று தட்டுகிறார். ஐயம் தீர எல்லையின் மதிப்பைக் கேட்கிறார். 139.5 என்றே விடை வருகிறது. மனநிறைவுடன் கண்ட்ரோல்-டி அழுத்தி வெளியேறுகிறார். நிரல் தன் பணியைத் தொடர்கிறது, 142 என்னும் பழைய எல்லையோடு!

பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதிலுள்ள ஆபத்து. நீர்மட்டம் 140 அடிக்கு ஏறினாலும் எச்சரிக்கை எழாது. முனையத்தைப் பொய்யுரைத்ததாகக் குறைகூறவும் இயலாது; தன்னிடமுள்ள பிரதியைப் பற்றி அது மெய்யே சொன்னது.

காரணம் யாதெனில், பைத்தான் ஒரு செயற்கூற்றை மொழிமாற்றம் செய்யும்போதே அதன் உள்ளமை மாறிகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணுடன் ஓர் அறையை ஒதுக்கிவிடுகிறது. நிரல் ஓடும்போது பெயரைத் தேடுவதில்லை. எண்ணைக் கொண்டு நேரே அறைக்குச் செல்கிறது. வேகம் கருதிச் செய்த ஏற்பாடு இது. 'லோகல்ஸ்' கொடுப்பதோ அவ்வறைகளில் அந்நேரத்தில் இருந்தவற்றைப் பார்த்தெழுதிய ஒரு பட்டி. அப்பட்டியில் திருத்தினால் அறைக்குள் ஒன்றும் நேராது. செயற்கூற்றுக்கு வெளியே, நிரலின் மேல்நிலையில் எழுதப்பட்ட மாறிகளுக்கு இவ்வறைகள் இல்லை. அவை மெய்யான அகராதியிலேயே வாழ்கின்றன. அங்கு முனையத்தில் செய்யும் மாற்றம் பலிக்கும். வகுப்பில் மேல்நிலையில் செய்துகாட்டி வெற்றி பெற்ற ஆசிரியர், மாணவன் அதனையே செயற்கூற்றுக்குள் செய்து தோற்கும்போது திகைப்பது இதனாலேதான்.

மூணாற்றுப் பக்கத்து மாணவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். கணக்கரின் புத்தகத்தில் ஒருவர் பெயருக்கு எதிரே '7ஆம் எண் கூடை' என்று குறித்திருக்கிறது. அப்பக்கத்தை நாம் ஒரு தாளில் படியெடுத்துக்கொண்டு, தாளில் 7ஐ 9 ஆகத் திருத்தினால் புத்தகம் மாறாது. ஆனால் 7ஆம் எண் கூடையிலேயே இன்னும் ஒரு பிடி கொழுந்தைப் போட்டால்? தாளும் புத்தகமும் அதே கூடையைச் சுட்டுவதால், புத்தகத்தின்படி எடை போடுபவருக்கும் அக்கொழுந்து கிடைக்கும். பைத்தானில் பட்டியல், அகராதி போன்றவை கூடைகள். முனையத்தில் ஒரு பெயருக்குப் புதுமதிப்பு இடுவது பலிக்காது. பெயர் சுட்டும் கூடைக்குள் கைவைப்பது பலிக்கும்.

இதிலிருந்தே எளிய வழி பிறக்கிறது. நிரலை எழுதும்போதே எல்லையைத் தனி மாறியாக வையாது, 'வரம்புகள்' என்னும் அகராதிக்குள் ஓர் உறுப்பாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே படிக்குமாறு எழுத வேண்டும். பின்னர் முனையத்தில் அவ்வுறுப்பை 139.5 ஆக்கினால் ஓடும் நிரல் அடுத்த சுற்றிலேயே அதனை ஏற்கும். எப்பதிப்பிலும் இது செல்லும்.

அவ்வாறு எழுதாத நிரலுக்கு 'பிடிபி' என்னும் பிழைதிருத்தி உண்டு. 2018இல் வந்த பைத்தான் 3.7 முதல் 'பிரேக்பாயின்ட்' என்னும் ஒரே கட்டளையால் இதனை அழைக்கலாம். செயற்கூற்றின் உள்ளே நின்று !எல்லை = 139.5 என்று தட்டினால், நிரல் தொடரும்போது புதுமதிப்பு அறைக்கே எழுதப்பட்டுவிடும். முன்னுள்ள வியப்புக்குறியை விடலாகாது. என், சி, எஸ் போன்ற ஒற்றை ஆங்கில எழுத்துகள் பிழைதிருத்தியின் கட்டளைகளாதலால், அப்பெயருடைய மாறிக்கு மதிப்பிட முயன்றால் நிரல் ஓர் அடி நகர்ந்துவிடவோ ஓடிவிடவோ கூடும். மாறிக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியவருக்கு இத்தொல்லை இல்லை! பிழைதிருத்திக்குள்ளேயும் 'இன்டராக்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. அது மீண்டும் பிரதியின் மீதே இயங்குவது, ஆதலின் அதனை நாடற்க.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் வெளியான பைத்தான் 3.13இல் நிலைமை திருந்தியது. மார்க் ஷானன் முன்வைத்த 667ஆம் எண் முன்மொழிவின்படி, செயற்கூற்றின் ஓட்டத்தைத் தாங்கும் 'ஃபிரேம்' என்னும் சட்டகத்திலுள்ள 'எஃப்-லோகல்ஸ்' இப்போது பிரதி அன்று. அறைகளுக்குள் நேரே திறக்கும் சாளரம். அதன் வழியே எழுதினால் மாறி மெய்யாகவே மாறும். 'லோகல்ஸ்' மட்டும் முன்போலப் படியெடுத்த தாளே. சாளரத்தை அப்படியே முனையத்திடம் ஒப்படைத்தால், இது அகராதி அன்று எனப் பைத்தான் மறுத்துவிடும். சட்டகத்தையே ஒரு பெயரிட்டு உள்ளே அனுப்பி, அதன் சாளரத்தின் வழி எழுத வேண்டும்.

பள்ளிக் கணினிகளில் இவ்வசதியை எதிர்பார்க்குமுன் பதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்க. உபுண்டு 22.04ஐ அடிப்படையாகக் கொண்ட கணினிகளில் அதனுடன் வருவது பைத்தான் 3.10. அங்கு அகராதி வழியும் பிழைதிருத்தி வழியுமே தக்கவை.

மாற்றம் பலித்ததா என்பதை அதே முனையத்தில் கேட்டறிவது சோதனை ஆகாது. வெளியேறி, நிரலை ஒரு சுற்று ஓடவிட்டு, மறுபடி முனையத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 142 தோன்றினால் முன்செய்த திருத்தம் தாளோடு போயிற்று என்று பொருள். வெளியேறுவதற்குக் கண்ட்ரோல்-டியையே பயன்படுத்துக. 'எக்ஸிட்' என்று அழைத்தால் முனையத்தோடு நிரலும் முடிந்துவிடக்கூடும், மூன்று நாள் அளவுகளும் உடன் போகும்.

இன்னொன்றும் உண்டு. எல்லையிலிருந்து ஓர் அடி கழித்து 'முன்னெச்சரிக்கை' என்னும் வேறொரு மாறியைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டு வைத்திருந்தால், எல்லை 139.5 ஆன பின்னும் அது 141 ஆகவே நிற்கும். அதனையும் தனியே திருத்த வேண்டும். முனையத்தில் செய்த மாற்றம் நிரல் எழுதிய கோப்பில் பதிவதுமில்லை. பெருமழைக் காலத்தில் மின்சாரம் அறுந்து கணினி மீண்டும் எழும்போது, கோப்பிலுள்ள 142தான் திரும்பவும் ஓடத் தொடங்கும். ஆகவே கோப்பையும் அன்றே திருத்தி, திருத்திய நாளையும் மணியையும் பதிவேட்டில் குறித்து வைக்க.