பின்மூளை: கேட்காமலே உழைக்கும் ஊழியன்

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கற்கும் இப்பாடத்தைத் தமிழிலும் அறியட்டும் என்ற ஆவலில், படித்தறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். பெரியவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

அமைப்பு

மூளையை முன்மூளை, நடுமூளை, பின்மூளை என மூன்றாகப் பிரிப்பர். பிடரிக்கு மேலே, மண்டையோட்டின் அடிப்புறத்தில் இருப்பது பின்மூளை. முகுளம், பான்ஸ், சிறுமூளை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது.

வளர்ச்சி

கருவின் முதுகுப்புறத்தில் ஒரு தகடு சுருண்டு நரம்புக்குழல் ஆகிறது. சுமார் 28 நாட்களில் அது மூடிக்கொள்கிறது. அதன் தலைப்பகுதி மூன்று குமிழ்களாகப் புடைக்கிறது. 5ஆவது வாரத்தில் பின்குமிழ் இரண்டாகிறது. ஒன்றிலிருந்து பான்ஸும் சிறுமூளையும், மற்றதிலிருந்து முகுளமும் உருவாகின்றன.

குழல் சரியாக மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைகள் நேரும். தான் கருவுற்றிருப்பதைப் பெண் அறியும் முன்பே இவ்வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவேதான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்ளச் சொல்கிறார்கள்.

பணிகள்

முகுளம் ஏறக்குறைய 3 செ.மீ. நீளமே உடையது. ஆனால் மூச்சு, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், விழுங்குதல், இருமல், வாந்தி யாவும் அதன் பொறுப்பில் உள்ளன. நாம் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. தசைகளை இயக்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான், யார்டில் தண்டவாளங்கள் தடம் மாறுவதுபோல, இடவலமாகக் குறுக்கே கடக்கின்றன. இடப்பக்கப் பெருமூளை பாதிக்கப்பட்டால் வலக்கை விழுவது இதனால்தான்.

பான்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குப் பாலம் என்று பொருள். பெருமூளையின் செய்திகளை அது சிறுமூளைக்குக் கடத்துகிறது; மூச்சின் சீரான லயத்திற்கும் உதவுகிறது.

சிறுமூளை எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பணுக்களில் சுமார் 80 சதவீதம் அதற்குள் அடங்கியுள்ளன! அசைவைத் தொடங்குவது பெருமூளை. அதன் அளவையும் நேரத்தையும் திருத்துவது சிறுமூளை. சைக்கிள் பழகுவதும், மிருதங்கத்தில் விரல் படிவதும் இதன் உதவியால்தான். குடித்தவர் தள்ளாடுவது இது தடுமாறுவதால்.

கவனிக்க வேண்டியது

பக்கவாதம் பின்மூளையிலும் வரும். அப்போது வாய் கோணாமலும் கை கால் விழாமலும் இருக்கலாம். திடீரெனக் கடும் தலைசுற்றல், நிற்க முடியாத தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம் ஆகியவையே அறிகுறிகள். நம் வீடுகளில் இதைப் 'பித்தம்' என்று சொல்லி, எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பதுண்டு. அது தவறு. விழுங்கும் திறன் குறைந்திருந்தால் அந்தச் சாறு நுரையீரலுக்குள் போய்விடும். வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தக்கட்டியால் வந்த வாதமானால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.