பருவும் களிம்பும்

முகப்பருவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் மூவர் நகைத்தனர். நகைத்தவருள் இருவர் கன்னத்தில் பரு இருந்தது என்பதையும் குறித்துவிடுகிறேன்.

பரு அழுக்கினால் வருவதன்று. முகத்தின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர்கள் அவற்றைத் தூண்டுகின்றன. மிகுந்த எண்ணெயோடு இறந்த செல்களும் சேர்ந்து துளையை அடைக்க, உள்ளே நுண்ணுயிர் பெருகி அழற்சி எழுகின்றது. ஆகவே ஆறு வேளை சோப்புப் போட்டுத் தேய்ப்பவர் தோலைப் புண்ணாக்கிக்கொள்வதே மிச்சம். இரு வேளை போதும். நம்மவர் தலைக்கு வழிய வழிய வைக்கும் எண்ணெய் நெற்றிப் பருவுக்கு உறவு. எலுமிச்சையும் பற்பசையும் பகை.

சென்ற ஆண்டு வைகாசிப் புழுக்கத்தில் என் முகமெல்லாம் பரு. காளிகாட்டில் ஒரு மருந்துக்கடையில் சீட்டுக் கேளாமலே ஒரு களிம்பைக் கொடுத்தனர். சில நாளில் பரு அடங்கிற்று, நிறமும் வெளுத்தது. தொலைபேசியில் முகம் பார்த்த அம்மா, “கல்கத்தாத் தண்ணி ஒத்துக்கிச்சு போல” என்று மகிழ்ந்தார். இரண்டு மாதம் பூசி நிறுத்தினேன். மூன்றாம் நாள் முகம் தீயாய் எரிந்தது. முன்னைவிட மிகுதியாகப் பரு கிளம்பிற்று. அப்போதுதான் குழாயின் மேலிருந்ததைப் படித்தேன்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியது ஸ்டீராய்டு. வேதியியல் முதுகலை மாணவன் இதை முதல் நாளே படித்திருக்க வேண்டாவா?

இத்துன்பத்துக்கு ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டவர்கள் இந்நகரத்துத் தோல் மருத்துவர்களான கௌசிக் லாஹிரியும் அரிஜித் குண்டுவுமே. 2011-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய களிம்பு பூசியவர்கள். அவர்களுக்கு நேர்ந்த கேடுகளில் முதலிடம் பருவுக்கே! 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்றது. நான் வாங்கியது அதற்குப் பின்னர்தான்.

சிறு பருவுக்கு 2.5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு நன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லியதாகத் தொடங்குக. அது ஆக்சிஜனேற்றி, தலையணை உறையின் சாயத்தையும் வெளுக்கும். இரவில் அடபலீன் பூசலாம், மருத்துவர் சொன்னால். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பொறுமையற்றவரே என் வழியில் போகிறவர். கிளிண்டமைசினைத் தனியே நெடுநாள் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

கட்டியாய் எழுந்து வடு விழுமாயின் வீட்டு வைத்தியம் வேண்டா. காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் மூன்றாம் நிலையமான ரவீந்திர சதனில் இறங்கினால் எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனை, தோல் பிரிவு உண்டு. டாக்சிசைக்ளின், தேவையெனில் ஐசோட்ரெட்டினாயின் தருவர். பின்னது கருவிலுள்ள குழந்தையின் உறுப்புகளைச் சிதைப்பது. கருவுற்றோர் தொடவே கூடாது. ஈரல், கொழுப்புச் சோதனையும் வேண்டும். அமிலப்பூச்சும் லேசரும் பரு அடங்கிய பிறகு, வடுவுக்கு.

என் முகம் தேற நான்கு மாதம் ஆயிற்று. இடக் கன்னத்தில் இரண்டு வடு இருக்கின்றன. அவை நான் கிள்ளியவை.