பழைய பொக்லைனும் பொய்ச் சூடும்

நகையை அடகு வைத்துப் பழைய பொக்லைன் வாங்கும் நம்மவர் உண்டு. காலையில் சாவி போட்டதுமே, இன்ஜின் சில்லென்று இருக்க, சூடு முள் உச்சியில் நிற்கும். "கம்ப்யூட்டர் போச்சு" என்பார் மெக்கானிக். உடனே பணத்தை எடுக்காதீர்கள்.

தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சாருக்குப் பெரும்பாலும் 2 ஒயர். சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். ஒயர் தேய்ந்து பாடியில் பட்டாலும் ஓம் குறைந்ததுபோலத்தான். கம்ப்யூட்டர் அதைச் சூடு என்றே எண்ணிவிடும்.

சாவியை அணைத்து, சென்சார் பிளக்கைக் கழற்றுங்கள். மறுபடி சாவி போட்டு, இன்ஜினை ஓட்டாமல், ஒயர்ப் பக்கத்து இரு பின்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 5 வோல்ட் வந்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் அநேகமாக நலம், சென்சாரை மாற்றுங்கள். வராவிட்டால் முதலில் ஒயரைத் தேடுங்கள்.

எங்கே? அதிர்வில் இரும்பு கிளாம்பில் உரசும் இடத்தில். டீசல் ஷெட்டில் நாங்கள் பார்த்ததும் அதுவே. அடுத்தது பிளக். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, டிராம்பே பக்கம் உப்புக் காற்று. பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அப்போது ஒயரை ஆட்டினால் மீட்டரும் ஆடும்.

ஆயில் பிரஷர் சென்சார் பலவற்றில் 3 ஒயர். அதற்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள்.