பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

சிக்கனமும் நாணயமும் கூட்டுறவுக்கு இரு கண்கள் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஒரு பொருளை அதன் உழைப்பு தீருமுன் கழித்துவிடுதல் சிக்கனமன்று. பூட்டுப் பழுதான பெட்டியில் பொதுப் பணத்தின் கணக்கை வைத்திருத்தல் நாணயத்துக்கு ஏற்றதன்று. இவ்விரு நெறிகளும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாகும் விஷயமொன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். சங்க அலுவலகத்திலுள்ள பழைய மடிக்கணினியை என்ன செய்வது என்பதே அது.

பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி பல சங்கங்களில் இன்றும் உண்டு. காலையில் அதனை இயக்கிவிட்டுக் காரியதரிசி நூல் இருப்பை எண்ணி முடித்துத் திரும்பினாலும் அது கண் விழித்திராது. நிர்வாகக் குழுவில் இதுபற்றி இரண்டு கருத்துகள் எழுவது வழக்கம். "ஓடுகிற வரை ஓடட்டும்" என்பர் சிலர். "காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவோம்" என்பர் வேறு சிலர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு.

1. தறி ஒன்று, அட்டை வேறு

ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியை நெசவாளர் அறிவர். தறிச் சட்டமும் பலகையும் நாடாவும் அப்படியே இருக்க, மேலே தொங்கும் அட்டைக் கோவையை மட்டும் மாற்றினால் மாங்காய்க் கரை போய் மயில் கரை வருகிறது. அட்டை கிழிந்துவிட்டதென்று தறியை உடைப்பார் எவருமில்லர்.

கணினியும் அத்தகையதே. திரையும் விசைப்பலகையும் உள்ளிருக்கும் சில்லுகளும் தறிச் சட்டம் போன்றவை. அவற்றை எந்த ஒழுங்கில் வேலை செய்ய வேண்டுமென்று நடத்துவது இயங்குதளம். அது அட்டைக் கோவை போன்றது. விண்டோஸ் ஓர் இயங்குதளம், லினக்ஸ் மற்றொன்று. மடிக்கணினி மூப்படைந்துவிட்டதாக நாம் கருதும்போது, பெரும்பாலும் மூப்படைந்தது சட்டமன்று, அட்டையே.

2. மூப்பு வந்த காரணம்

2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு, அதனைத் தயாரித்த மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. சிறப்பு ஏற்பாட்டில் சிறிது காலம் நீட்டித்துக்கொள்ள வழி உண்டெனினும் அது தவணையே ஒழியத் தீர்வன்று. ஆதரவு நின்றபின் இயந்திரம் நின்றுவிடாது. ஆயினும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இரார். அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் அடங்கிய இயந்திரத்தை அந்நிலையில் இணையத்தோடு இணைத்து வைத்தல், ஓட்டுப் பிரிந்த கிடங்கில் பருத்திப் பொதியை அடுக்குவதை ஒக்கும்.

அப்படியாயின் அடுத்ததான விண்டோஸ் 11-ஐ ஏற்றலாகாதா? 2021-இல் வந்த அது, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு, குறிப்பிட்ட பட்டியலில் அடங்கிய செயலி ஆகியவற்றைக் கோருகிறது. 2017-க்கு முற்பட்ட மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்நிபந்தனைகளுக்கு உட்படா. உடல் நன்றாயிருந்தும் வரிசையிலிருந்து வெளியேற்றப்பட்டவை அவை.

3. கூட்டு உழைப்பின் விளைவு

1991-இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி, எவரும் பார்த்துத் திருத்துமாறு வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ இயக்கத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. பல நாட்டுப் பொறியாளர் ஆளுக்கொரு பகுதியை நெய்ய, ஒரு முழுச் சேலை உருவாயிற்று. அதனைப் பயன்படுத்தவும் படியெடுத்துப் பிறர்க்கு அளிக்கவும் உரிமைத் தொகை செலுத்த வேண்டுவதில்லை. கூட்டுறவாளருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸைக் கொண்டே கணினிக் கல்வி அளித்து வருகின்றன.

4. செய்முறை

முதலாவது, சோதனை. மடிக்கணினியின் நினைவகம் எவ்வளவு என்று பார்க்க. லினக்ஸ் மின்ட் என்னும் வகைக்கு 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. இடமும் குறைந்த அளவு, 4 ஜி.பி. இருப்பின் தடையின்றி ஓடும். அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற பதிப்பு பழைய இயந்திரங்களுக்கு இலகுவானது. செயலி 64 பிட் வகையாக இருத்தல் அவசியம்.

இரண்டாவது, நகல். இதுவே பாடத்தின் உயிர்நிலை. கணக்குக் கோப்புகள் அனைத்தையும் இரண்டு தனித்தனிச் சாதனங்களில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, அங்கத்தினர் பேரேடு ஆகியவற்றை அச்செடுத்துக் காரியதரிசி கையொப்பமிட்டு வைத்தல் நன்று. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் இருப்பின் அவ்வெழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுக்க. இன்றேல் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகக் காட்சியளிக்கும்.

மூன்றாவது, வெள்ளோட்டம். லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற கருவியால் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதிக்கொள்க. பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பின்னர் மடிக்கணினியைப் பென் டிரைவிலிருந்தே இயக்குக. தொடங்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் ஆகிய விசைகளுள் ஒன்று அதற்கு வழிகாட்டும். உள்ளிருப்பது எதுவும் மாறாமலே புதிய இயங்குதளத்தை இவ்வாறு ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை இணைகிறதா, அச்சுப் பொறி இயங்குகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் அடிக்க முடிகிறதா என்று ஒரு நாள் முழுதும் சோதிக்க.

நான்காவது, நிறுவுதல். வெள்ளோட்டம் திருப்தியாயின் திரையிலுள்ள நிறுவும் குறியை அழுத்தி, கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்க. 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் வழியைத் தேர்ந்தால் பழையவை யாவும் மறையும். ஏறக்குறைய அரை மணியில் வேலை முடியும். கடிதத்துக்கும் அட்டவணைக்கும் லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு பயர்பாக்ஸ் ஆகியவை உடன் வந்துவிடும். 2024-இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். அவற்றை அவ்வப்போது ஏற்றிக்கொள்வது கடமை. லினக்ஸை எத்தீங்கும் அணுகாது என்பது தவறான நம்பிக்கை.

கையில் சிறிது பணம் இருப்பின், சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துக. வேகத்தில் அதனால் விளையும் மாறுதல் கண்கூடு.

5. எங்கே செய்யலாகாது

டாலி முதலிய சில கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே அமைந்தவை. சங்கத்தின் கணக்கு அதில் இருக்குமாயின், அந்த ஒரு கணினியை மாற்றுதல் கூடாது. மின் கையொப்பச் சாதனம் லினக்ஸில் இயங்குமா என்பதை முன்னதாகவே விசாரித்தறிக. அரசுத் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட கணினியில் துறையின் அனுமதியின்றிக் கைவைக்கலாகாது. வன்தட்டே பழுதாயிருப்பின் எந்த இயங்குதளமும் அதனைக் காப்பாற்றாது.

ஆகவே, சங்கத்தின் எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றுவது இப்பாடத்தின் நோக்கமன்று. கடிதப் போக்குவரத்து, நூல் வழங்கல் பட்டியல், விளைபொருள் விலை விசாரணை ஆகிய பணிகளுக்கு ஒதுக்கப்பட்ட ஒன்றில் முதலில் தொடங்குக. எந்த மாற்றமும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு நடைபெறட்டும். நகல் எடுத்த நாளும் அது வைக்கப்பட்ட இடமும் தீர்மானத்தில் பதிவாகட்டும்.

அங்கத்தினர் வீடுகளையும் மறத்தலாகாது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்றவை பல இல்லங்களில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றுள் உடல் நலமுடையவை மீண்டும் விழித்தெழுந்தால், இளைய பிள்ளையின் படிப்புக்கும் சேலைக் கரையின் வரைபடத்துக்கும் உதவும். கழிக்கத்தான் வேண்டுமென்ற நிலையிலும், வன்தட்டைக் கழற்றாமல் காயலான் கடைக்கு அனுப்பலாகாது. அதில் அங்கத்தினரின் கணக்கு இருக்கிறது.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதித்தற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்துக் கணினிகளில் ஆதரவு முடிந்த இயங்குதளத்தோடு ஓடுபவை எத்தனை? அவற்றில் யாருடைய விவரங்கள் உள்ளன?

2. கணக்குகளின் நகல் இன்று எங்கே இருக்கிறது? அதனைக் கடைசியாகத் திறந்து பார்த்த நாள் எது?

3. புதிய கணினிக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எஸ்.எஸ்.டி.க்குச் செலவிட்டால் எஞ்சும் பணம் எவ்வளவு? அதனை எதற்குப் பயன்படுத்தலாம்?