பாக்கெட் இப்போது யார் பொறுப்பில்?

லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் பிழை திருத்த வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். நிரலைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் நின்று, இந்த இடத்தில் பாக்கெட் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். டி.சி.பி.யின் நுணுக்கமெல்லாம் பிறகு வரட்டும். என் கைக்கு வந்த பிழைகளில் பெரும்பாலானவை நெறிமுறையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தவை அல்ல. ஒருவர் விடுவித்துவிட்ட நினைவகத்தை இன்னொருவர் தொட்டிருப்பார். இல்லையென்றால் இருவருமே விடுவித்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டிருப்பார்கள்.

கெர்னலுக்குள் ஒவ்வொரு பாக்கெட்டும் எஸ்.கே.பி. என்று நாங்கள் சொல்லும் கட்டமைப்பாகத்தான் பயணிக்கிறது. உள்ளே வரும் பாக்கெட் என்றால், டிரைவர் அதை உருவாக்கி மேலே தரும். ஐ.பி. அடுக்கு, ஃபயர்வால், டி.சி.பி. என்று கைமாறி, கடைசியில் சாக்கெட்டின் வரிசையில் போய்ச் சேரும். தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. விடுவிக்கச் சொல்லும்போது அந்த எண்ணிக்கை ஒன்று குறையும். சுழியானால்தான் நினைவகம் உண்மையில் திரும்பிப் போகும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் பத்து ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு ஓட்டை இந்த எளிய கணக்கில்தான் இருந்தது.

2017 பிப்ரவரியில் ஆந்த்ரேய் கோனோவலோவ் வெளியிட்ட, டி.சி.சி.பி. என்ற நெறிமுறையின் நிரலில் இருந்த பிழையைச் சொல்கிறேன். கெர்னலுக்குள் தாறுமாறான அழைப்புகளை ஓயாமல் அனுப்பிப் பார்க்கும் சிஸ்காலர் என்ற கருவியால் அவர் அதைக் கண்டுபிடித்தார். இணைப்புக் கோரிக்கையோடு ஒரு பாக்கெட் வருகிறது. பயன்பாட்டு நிரல் ஐ.பி.வி6 சாக்கெட்டில் ஒரு குறிப்பிட்ட விருப்பத்தைக் கேட்டு வைத்திருந்தால், அந்தப் பாக்கெட்டைப் பின்னால் பார்க்கவேண்டும் என்று கெர்னல் எண்ணிக்கையை ஒன்று கூட்டி எடுத்து வைக்கிறது. இதுவரை சரி. ஆனால் கோரிக்கை வெற்றிகரமாக முடிந்ததும், அதே செயற்கூறு பாக்கெட்டைக் கழிக்கும் இடத்துக்குத் தாவுகிறது. அங்கே இருந்தது எண்ணிக்கையைப் பார்க்காமல் நேரடியாக அழிக்கும் அழைப்பு. எடுத்து வைத்தவரிடம் இறந்துபோன பாக்கெட்டின் முகவரி மட்டும் மிஞ்சியது. பிறகு அவரும் அதை விடுவிப்பார். சாதாரணப் பயனர் ஒருவர் இதைக் கொண்டு ரூட் அதிகாரத்தைப் பிடிக்க முடிந்தது. 2006-இல் வந்த 2.6.18 பதிப்பிலேயே இந்தப் பிழை இருந்தது. திருத்தம் என்ன தெரியுமா? ஒரு வரியை நீக்கி, எண்ணிக்கையை மதிக்கும் அழைப்பும் ஒரு ரிட்டர்னுமாக இரண்டு வரிகள் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

நெட்வொர்க் பிழைகளின் இயல்பே இதுதான் என்பேன். திருத்தம் இரண்டு வரி. அந்த இரண்டு வரி எவை என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. மிக அரிதாகவே செல்லும் ஒரு பாதையில், யாரோ சேர்த்த ஒரு விருப்பம், வேறு யாரோ எழுதிய விடுவிப்போடு மோதுகிறது. அதனால் ஒரு செயற்கூறின் நேர்வழியை நான் கடைசியில்தான் படிப்பேன். பிழை கையாளும் வழிகளை, கீழே வரிசையாக நிற்கும் லேபிள்களை, முதலில் படிப்பேன். அங்கேதான் பொறுப்பு கைமாறுவது தவறிப்போகிறது.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இரண்டு இடங்களைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். அனுப்பும் செயற்கூறு ‘ஓகே’ என்று திருப்பினால், பாக்கெட்டை டிரைவர் ஏற்றுக்கொண்டது என்று பொருள். டி.எம்.ஏ. முகவரி கிடைக்காமல் அதைக் கைவிட நேர்ந்தாலும் விடுவித்து, கைவிட்ட கணக்கில் ஒன்று ஏற்றி, ‘ஓகே’ என்றுதான் திருப்பவேண்டும். ‘பிஸி’ என்று திருப்பினால், நான் இதை ஏற்கவில்லை, மறுபடி கொடு என்று பொருள். விடுவித்த பிறகு ‘பிஸி’ என்று சொன்னால், மேலடுக்கு செத்த பாக்கெட்டையே மறுபடி கொண்டுவந்து தரும். இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. பாக்கெட்டை வன்பொருளிடம் ஒப்படைத்த பிறகு, புள்ளிவிவரத்துக்காக அதன் நீளத்தைப் படிக்கிறார்கள். அதற்குள் இன்னொரு சி.பி.யு. அனுப்பி முடிந்தது என்ற செய்தியைப் பார்த்து அதை விடுவித்திருக்கலாம். நீளத்தை ஒப்படைக்கும் முன்பே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெடரைப் படிப்பதிலும் இதே சிக்கல்தான். பாக்கெட்டின் தரவு எப்போதும் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஒரு பகுதி வேறு பக்கங்களில் சிதறி இருக்கலாம். வேண்டிய பைட்டுகளை முன்னால் இழுத்துத் தரும் அழைப்பு ஒன்று உண்டு. அது தேவைப்பட்டால் புதிய இடம் ஒதுக்கி, பழையதை விட்டுவிடும். அழைப்புக்கு முன் எடுத்து வைத்த ஐ.பி. ஹெடர் சுட்டியை அதற்குப் பிறகும் பயன்படுத்தினால் பழைய நினைவகத்தைத்தான் படிக்கிறீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் கார்டில் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் பல டிரைவர்கள் ஹெடரை முதல் துண்டிலேயே வைத்துத் தருகின்றன. வேறொருவரின் கார்டில், வேறொரு சுரங்க நெறிமுறையோடு சேரும்போது வெடிக்கும். எனவே கேசான் என்ற நினைவகப் பிழை காட்டும் கருவியோடு கட்டிய கெர்னலில் சோதிக்காமல் ஒரு திருத்தத்தையும் நான் நம்புவதில்லை. விடுவித்த நினைவகத்தை யார் தொட்டார்கள், யார் விடுவித்தார்கள் என்ற இரண்டு தடங்களையும் அது எழுதிக் காட்டும். வேகம் நன்றாகவே குறையும், குறையட்டும்.

விடுவிக்க மறந்த பிழைகளைப் பிடிப்பது இதைவிடக் கடினம். கன்டெய்னர்களை இயக்கியவர்கள் பலருக்கு அந்தச் செய்தி பழக்கம்: ஒரு நெட்வொர்க் இடைமுகத்தை நீக்கக் காத்திருக்கிறேன், இன்னும் ஒருவர் பிடித்திருக்கிறார் என்று கெர்னல் 10 விநாடிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கும். எத்தனை பேர் என்று சொல்லும், யார் என்று சொல்லாது. 2022-இல் வந்த 5.17 பதிப்பில் எரிக் டூமாசே சேர்த்த குறிப்புக் கண்காணிப்பு இந்தக் குறையைத் தீர்த்தது. இடைமுகத்தைப் பிடிக்கும் ஒவ்வொருவரும் தனிச் சீட்டு ஒன்று வாங்கவேண்டும். திரும்பி வராத சீட்டு எந்த வரியில் வாங்கப்பட்டது என்று கெர்னலே காட்டிவிடும். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் இடைமுகத்தைப் பிடிக்கும்போது இந்த முறையையே பயன்படுத்துங்கள். இது உங்களுக்குப் பின் வருகிறவருக்குச் செய்யும் பெரிய உதவி.

அதே 5.17 பதிப்பில்தான் பாக்கெட்டைக் கைவிடும்போது காரணத்தையும் குறிக்கும் வழக்கம் தொடங்கியது. அதற்கு முன், பாக்கெட் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை காண்பது பெரும் அலைச்சல். டி.சி.பி.டம்ப்பில் பாக்கெட் தெரிகிறது, பயன்பாட்டுக்கு வந்து சேரவில்லை என்ற புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை டி.சி.பி.டம்ப் ஃபயர்வாலுக்கும் ஐ.பி. அடுக்குக்கும் முன்பே பார்த்துவிடுகிறது. அதில் தெரிந்தால் கார்டைத் தாண்டி வந்திருக்கிறது என்பது மட்டுமே உறுதி. இரண்டு கார்டுகள் உள்ள சர்வரில் ஒன்றில் வந்து மற்றொன்றில் பதில் போகும்படி ரூட் அமைந்திருந்தால், திரும்பும் வழியைச் சரிபார்க்கும் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் சத்தமில்லாமல் அதைக் கழித்துவிடும். என்ஸ்டாட் காட்டும் எண்களில் அதற்கென்று ஒரு கணக்கே இருக்கிறது. வெளியே போகும் பாக்கெட்டில் செக்சம் தவறு என்று டி.சி.பி.டம்ப் காட்டினாலும் பதற வேண்டாம். செக்சமை இன்னும் கார்டு கணக்கிடவில்லை, அவ்வளவுதான்.

எண்ணின் அளவு குறித்தும் சொல்லவேண்டும். 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸின் ஜொனாதன் லூனி வெளிக்கொண்டுவந்த சாக் பேனிக் பிழை ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு எஸ்.கே.பி.யில் 17 துண்டுகள். எக்ஸ்86 கணினியில் ஒவ்வொன்றும் 32 கிலோபைட் வரை போகலாம். எதிர்முனை மிகச் சிறிய எம்.எஸ்.எஸ். கேட்டால், ஆப்ஷன்கள் போக ஒரு செக்மென்ட்டில் 8 பைட் தரவுதான் மிஞ்சும். வகுத்தால் 69,632 செக்மென்ட்டுகள். அதை எண்ணி வைக்கும் 16 பிட் இடத்தில் 65,535 வரைதான் அடங்கும். தொலைவிலிருந்தே கெர்னலை நிறுத்த அது போதுமானதாக இருந்தது. அதனால் எந்த எண்ணைக் கண்டாலும், எதிர்முனையில் இருக்கும் பகைவன் இதை எவ்வளவு பெரிதாக்க முடியும் என்று தாளில் போட்டுப் பாருங்கள்.

அந்தச் சம்பவத்தில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது பின்கதை. கூடவே சரிசெய்யப்பட்ட இன்னொரு பிழைக்காக, அனுப்பும் வரிசையின் நினைவகத்துக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். சிறிய அனுப்பு இடையகம் வைத்திருந்த நேர்மையான பயன்பாடுகளின் இணைப்புகள் அதனால் திணறி நின்றன. வரம்பைத் தளர்த்த அடுத்தடுத்து திருத்தங்கள் போடவேண்டி வந்தது. பாதுகாப்புக்காக அவசரமாகப் போன பேட்ச்சையும் பிறகு கண்காணிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பேட்ச்சை அனுப்பும்போது திருத்தத்தையும் துப்புரவையும் கலக்காதீர்கள். திருத்தங்கள் நெட் கிளைக்குப் போகும், புதியவை நெட்-நெக்ஸ்ட் கிளைக்குப் போகும். எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்று கிட் பைசெக்ட் கொண்டு தேடி, ‘ஃபிக்ஸஸ்’ வரியில் எழுதுங்கள். பழைய நிலைப் பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அந்த ஒரு வரியை வைத்துத்தான் இதை எங்கெல்லாம் கொண்டுபோகவேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். பிழை எப்படி நிகழ்ந்தது என்பதைக் குறிப்பில் முழுதாக எழுதுங்கள். ஐந்தாண்டு கழித்து அதே வரியில் நிற்கப்போகிறவருக்கு வேறு துணை இல்லை. நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இரண்டை ஒரு வெத் இணைப்பால் சேர்த்தால், பெரும்பாலான பிழைகளை ஒரே கணினியில் நிகழ்த்திக் காட்டலாம். அதையே கெர்னலின் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

புதிதாக வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பேட்ச் என்று இடைவெளிகளை மட்டும் திருத்தி அனுப்பாதீர்கள். நெட்வொர்க் பகுதியில் அதை விரும்புவதில்லை. சிஸ்காலரைத் தானாக இயக்கும் சிஸ்பாட் கண்டுபிடித்த பிழைகள், அவற்றில் பலவற்றை நிகழ்த்திக் காட்டும் நிரல்களோடு, எல்லோரும் பார்க்கும்படி கிடக்கின்றன. நெட்வொர்க் தொடர்பான ஒன்றை எடுத்து, கேசானோடு கட்டிய கெர்னலில் ஓட்டி, அந்தப் பாக்கெட்டை யார் எடுத்தார், யார் விட்டார் என்று தாளில் எழுதிப் பாருங்கள். பேட்ச் வருமோ வராதோ, அந்தத் தாளை முடிக்காமல் அடுத்ததை எடுக்காதீர்கள்.