வலிப்பு நோயை மறைக்க வேண்டாம்

நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி எம்மவர் ஒளிவுமறைவின்றிப் பேசுவார்கள். வலிப்பு என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி விடுகிறோம். அந்த மௌனம் நோயை விட அதிக தீங்கு செய்கிறது.

வலிப்பு என்றால் என்ன?

இது செய்வினையோ, மனநோயோ, தொற்றுநோயோ அல்ல. மூளைக் கலங்களில் திடீரென எழும் கட்டுக்கடங்காத மின் தூண்டலே வலிப்பு. பிறப்பின்போது ஏற்பட்ட மூளைப் பாதிப்பு, மூளைக்காய்ச்சல், பக்கவாதம் என்பன காரணமாகலாம். போரில் தலையில் காயப்பட்டவர்களுக்குப் பல வருடங்களின் பின்னரும் வரலாம். பலரில் காரணம் தெரிவதில்லை.

எல்லோரும் விழுந்து துடிப்பதில்லை. சில பிள்ளைகள் சில விநாடிகள் வெறித்துப் பார்த்தபடி இருந்துவிட்டு வழமைக்குத் திரும்புவார்கள். வகுப்பில் கவனமில்லை என்று ஏச்சு வாங்கும் பிள்ளைக்கு இந்நோய் இருக்கக் கூடும்.

வலிப்பு வந்தால்

1. நேரத்தைப் பாருங்கள்.
2. தலையின் கீழ் மென்மையான துணி வையுங்கள். கழுத்து உடையைத் தளர்த்துங்கள்.
3. கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.
4. வாயில் கரண்டியோ, தண்ணீரோ, மருந்தோ வைக்க வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை.
5. துடிப்பு நின்றதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.
6. 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தால், முதல் தடவை என்றால், காயம் பட்டால், கர்ப்பிணி என்றால் உடனே அம்புலன்சை அழையுங்கள்.

மருந்தும் மறைப்பும்

முறையான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் குளிசையை ஒழுங்காக எடுக்க வேண்டும். கலியாணம் குழம்பிவிடும் என்று நோயை மறைத்தால், மணமான பெண் குளிசையை ஒளித்து எடுப்பாள். விருந்தாளி வந்த நாளில் தவறும், வலிப்பு வரும். அருகில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. உயிராபத்தும் நேரலாம்.

சோடியம் வல்புரோவேற் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக் கூடும். ஆகவே கர்ப்பம் தரிக்க முன்னரே வைத்தியருடன் பேசுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது.

இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தின்படி, வலிப்பைக் காரணம் காட்டி ஒரு திருமணத்தைச் செல்லாததாக்க முடிந்தது. 1999இல் அது நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, நாமும் மாறுவோம்.

உங்கள் பிள்ளைக்கு வலிப்பு இருந்தால் ஆசிரியருக்கும் நீச்சல் பயிற்றுநருக்கும் சொல்லுங்கள். பெரியவர்கள் வாகனம் ஓட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள். சம்பந்தம் பேசும்போது மணமக்கள் இருவரும் அறிந்திருக்கட்டும்.